வின்ச் வந்தால் அம்பா போய்விடுமா?

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளி வீதியை ஒட்டிய கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீண்ட கடிதம் என்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 71 வயது. கரையில் நின்று கயிறு பிடித்து வலை இழுக்கும் கரைவலைத் தொழிலில் சம்மாட்டி, அதாவது வலையின் சொந்தக்காரர். வலை இழுக்கும்போது அம்பா என்ற தொழிற்பாட்டை எடுத்துக் கொடுப்பவரும் அவரே. முன்பு முப்பது பேர் கயிறு பிடித்த அவர்களுடைய பாட்டில் (பாடு என்பது வலை வளைக்கும் கரைப்பகுதி) இன்று பதினைந்து பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. இளைஞர்கள் ஹோட்டல் வேலைக்கும் கட்டாருக்கும் போய்விடுகிறார்கள். கட்டாரில் உழைத்துத் திரும்பிய தம்பி, சேமிப்போடு கடனும் எடுத்து உழவு இயந்திரமும், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும் வாங்கப் போகிறார். "ஆறு பேர் போதும். தொழில்நுட்பத்துக்குப் பயந்தவர்கள்தான் ஏழைகளாக இருக்கிறார்கள்" என்பது தம்பியின் வாதம். "வின்ச் இரைச்சலில் எவன் அம்பா பாடுவான்? அம்பா இல்லாத பாட்டில் நான் கால் வைக்க மாட்டேன்" என்கிறார் அப்பா. இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. சமாதானம் செய்யும் யோசனையில், அப்பாவின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி, வின்ச் ஓடும்போது ஒலிபெருக்கியில் போடலாம் என்று தம்பி சொல்லப்போக, நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். அப்பா கரையில் பாடியதைச் சகோதரி தம் கைத்தொலைபேசியில் எடுத்து யூடியூப்பில் போட்டிருந்தார். கொழும்பிலுள்ள விளம்பர நிறுவனம் ஒன்று அதிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்து, தாளம் சேர்த்து, கடற்கரை ஹோட்டல் ஒன்றின் விளம்பரத்தில் போட்டுவிட்டது. எடுத்த பகுதியோ, 2004 சுனாமியில் தங்கையையும் தங்கையின் பிள்ளையையும் இழந்த அப்பா பிறகு தாமே கட்டிச் சேர்த்த வரிகள்: "தந்த கடலே வந்தெடுத்தாய்". உறவினர் ஒருவர் நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டதும், 40,000 ரூபாய் தருவதாகவும் இரண்டு வாரத்துக்குள் கையெழுத்திட வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் ஒரு பத்திரம் வந்திருக்கிறது.

"கையெழுத்திடலாமா? அப்பா பக்கம் நிற்பதா, தம்பி பக்கம் நிற்பதா? தொழில்நுட்பம் எங்கள் பண்பாட்டை விழுங்கத்தான் வந்திருக்கிறதா?" இவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்கிறேன். அந்தப் பத்திரத்தில் நீங்களும் கையெழுத்திட வேண்டாம், அப்பாவும் கையெழுத்திட வேண்டாம். இரண்டு வாரக் கெடு அவர்களுடைய வசதிக்காக வைத்தது. கெடு கடந்துவிட்டது என்பதால் உங்கள் உரிமை எதுவும் அழிந்துவிடாது. அனுமதி கேட்காமல் எடுத்துப் பயன்படுத்திவிட்டு இப்போது கையெழுத்துத் தேடுகிறார்கள் என்றால், தங்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பாட்டு யாருடையது?

"இது எங்கள் பூட்டன் கட்டிய பாட்டு, எங்கள் குடும்பச் சொத்து" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இன்னோரிடத்தில், "நாங்கள் எங்கும் பதிவு செய்யவில்லை, யூடியூப்பிலும் போட்டுவிட்டோம், இனி உரிமை கேட்க முடியாதுதானே" என்கிறீர்கள். இரண்டுமே சரியல்ல.

எங்கள் நாட்டில் பதிப்புரிமைக்குப் பதிவு வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பு உருவானவுடனேயே அதற்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடுகிறது. யூடியூப்பில் ஏற்றும்போது அந்தத் தளத்துக்கு அதைக் காட்டும் அனுமதியைத்தான் கொடுக்கிறீர்கள். வழியில் போகும் எவரும் வெட்டி எடுத்து விளம்பரம் செய்ய அனுமதி கொடுக்கவில்லை. ஒன்றை மட்டும் உடனே பாருங்கள்: ஏற்றும்போது உரிமம் என்ற இடத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்பதைத் தெரிவு செய்திருந்தீர்களா? அப்படியானால் கதை வேறு. அந்த உரிமத்தில் மற்றவர்கள் எடுத்தாளலாம். மாற்றாமல் விட்டிருந்தால் வழக்கமான உரிமமே இருக்கும்.

இனி, அந்தக் காணொளியைச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் அதில் பல உரிமைகள் கலந்து கிடக்கின்றன. "ஏலேலோ" என்ற எடுப்பும், கூட்டம் பதில் கொடுக்கும் மெட்டும் கரையோரச் சமூகம் முழுவதற்கும் உரியவை. பூட்டனே கட்டினார் என்று வைத்துக்கொண்டாலும், ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகளோடு பதிப்புரிமை முடிந்துவிடும். நாட்டார் வழக்காறுகளுக்கு அதே சட்டத்தின் 24ஆம் பிரிவில் தனிப் பாதுகாப்பு உண்டு. வழக்கமான சூழலுக்கு வெளியே அல்லது வணிக நோக்கத்துக்கு அவற்றைப் பயன்படுத்துவதை அது கட்டுப்படுத்துகிறது. ஆனால் அனுமதி கொடுக்கும் அதிகாரம் அமைச்சர் குறிக்கும் அதிகாரசபையிடம் இருக்கிறது. எந்தத் தனிக் குடும்பத்திடமும் இல்லை. ஆகவே பழைய அம்பாவை வைத்து நீங்கள் யாரையும் தடுக்கப் போக வேண்டாம். அடுத்த ஊர்க் கரைவலைக்காரருக்கும் அதில் அதே பாத்தியதை உண்டு.

அப்பா தாமே கட்டிய வரிகளின் நிலை வேறு. அவை அவருடைய இலக்கியப் படைப்பு. எழுதி வைக்காமல் வாயால் கட்டியது என்பதால் மதிப்புக் குறைந்துவிடாது. அவருடைய ஆயுள் முழுவதும், அதன் பின் 70 ஆண்டுகளும் உரிமை உண்டு. நிறுவனம் கை வைத்திருப்பது சரியாக இந்த வரிகளில்தான். உங்கள் தரப்பில் இதைவிட வலுவான விடயம் வேறில்லை. அடுத்ததாக, எடுத்தவர் என்ற வகையில் காணொளி உங்களுடையது. அதற்கு 70 ஆண்டுப் பாதுகாப்பு இருக்கிறது. பாடியவர் என்ற முறையில் அப்பாவுக்கு நிகழ்த்துநர் உரிமையும் உண்டு என்றாலும், ஒளிப்பதிவுக்கு ஒருவர் சம்மதித்த பிறகு அந்த உரிமை தொடர்ந்து பொருந்தாது என்று சட்டம் சொல்கிறது. ஒலியை மட்டும் பிரித்தெடுத்தார்கள் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் அதை முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம்.

பணத்துக்கு அப்பால் ஒன்று இருக்கிறது. படைப்பைச் சிதைத்து, படைப்பாளியின் கௌரவத்துக்குக் கேடு வரும்படி பயன்படுத்துவதை எதிர்க்கும் தார்மீக உரிமையைச் சட்டம் ஆசிரியருக்குத் தந்திருக்கிறது. கடல் எடுத்துக்கொண்ட பிள்ளைக்காக ஒரு மனிதர் கட்டிய ஒப்பாரியைக் கடல் குளிக்க வாருங்கள் என்று அழைக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டிருந்தாலே இந்த விளம்பரம் வெளிவந்திருக்காது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். அப்பாவுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை.

பத்திரத்தில் ஒளிந்திருப்பவை

நீங்கள் அனுப்பிய பிரதியை வாசித்தேன். மூன்று இடங்களில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று, எல்லா உரிமைகளும், எல்லா நாடுகளிலும், என்றென்றைக்கும் அவர்களுக்கு. அதாவது அப்பாவின் வரிகளை நாளை நீங்கள் ஒரு கல்யாண வீட்டுக் காணொளியில் சேர்த்தாலும் அவர்கள் கேள்வி கேட்கலாம். இரண்டு, "இன்றுள்ள அல்லது இனி வரும் எந்தத் தொழில்நுட்பத்திலும்" என்ற சொற்றொடர். தம்பி சொன்ன செயற்கைக் குரல் இதற்குள் அடங்கிவிடும். அப்பா பாடாத பாட்டை, அவர் காலத்துக்குப் பிறகும், அவர் குரலில் அவர்கள் உருவாக்கி விற்கலாம். மூன்று, தார்மீக உரிமையைக் கைவிடுகிறேன் என்ற ஒரு வரி, கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில். 40,000 ரூபாய் உண்மையில் அந்த ஒரு வரிக்கான விலை.

உரிமையைக் கைமாற்றுவதற்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. தொலைபேசியில் உறவினர் "சரி, பார்ப்போம்" என்று சொன்னதைச் சம்மதமாக அவர்கள் காட்ட முடியாது. அந்தப் பயம் வேண்டாம்.

வழக்கா, பேச்சா?

வழக்குப் போடலாம். ஆனால் புலமைச் சொத்து வழக்குகளைக் கொழும்பு வணிக மேல் நீதிமன்றமே விசாரிக்கிறது. தவணைக்குத் தவணை இரவு பஸ்ஸில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போக வேண்டிவரும். 71 வயதில் அதற்கு அவருக்கு மனமும் உடம்பும் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் யூடியூப், பேஸ்புக் இரண்டிலும் பதிப்புரிமை முறைப்பாடு செய்து விளம்பரத்தை இறக்குவேன். காணொளியின் சொந்தக்காரர் என்ற வகையில் நீங்களே செய்யலாம், கட்டணம் இல்லை. அவர்கள் மறுப்புத் தெரிவித்தால் மட்டுமே நீதிமன்றம் போக வேண்டிய நிலை வரும். அதோடு ஒரு சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதத்தை அனுப்புங்கள்: விளம்பரத்தை நிறுத்துதல், எழுத்தில் வருத்தம் தெரிவித்தல், பயன்படுத்திய காலத்துக்குப் பணம். சுனாமி வரிகளை எந்த விலைக்கும் கொடுப்பதில்லை என்று அப்பா சொன்னால் அதுவே இறுதி. வேறு வரிகளைக் கொடுக்க அவர் விரும்பினால், ஒரு விளம்பரம், ஓர் ஆண்டு, பெயரும் ஊரும் குறிப்பிட வேண்டும், செயற்கைக் குரல் கூடாது என்று எல்லை கட்டி உரிமம் கொடுக்கலாம். அதில் தவறில்லை. கலைக்குக் கூலி வாங்குவது கலையை விற்பதாகாது.

வருகிற பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பதிவில் அப்பாவின் குரலுக்குப் பதில் கொடுத்த தொழிலாளர்களின் குரலும் இருக்கிறது. சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்துமோ இல்லையோ, அவர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வின்ச் பற்றி

தம்பி சொல்வதில் உண்மை நிறைய இருக்கிறது. தொழில்நுட்பம் பொருளாதாரத்தை வளர்க்கிறது என்பது வெறும் பேச்சல்ல. 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் விளைச்சல் இரட்டிப்பானதைக் கணக்கிட்ட ராபர்ட் சோலோ, அதில் எட்டில் ஏழு பங்கு தொழில்நுட்ப மாற்றத்தால் வந்தது என்று 1957இல் காட்டினார். பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். மீனுக்கே வருவோம். 1997 ஜனவரியில் ஒரு நாள், கேரளத்தின் வடகரா கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் பிடித்த மீனைக் கொட்டினார்கள். அதே காலையில், 15 கிலோமீற்றருக்குள் இருந்த வேறு இரண்டு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு நின்றார்கள். கைத்தொலைபேசி வந்த பிறகு, எந்தக் கரையில் விலை என்று கடலிலிருந்தே கேட்டார்கள். வீண்போவது நின்றது. மீனவரின் இலாபம் ஏறத்தாழ 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது.

தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் முழுவதையும் சொல்லுங்கள். தொலைபேசி எவருடைய கையிலிருந்தும் கயிற்றைப் பறிக்கவில்லை. வின்ச் பறிக்கிறது. கடலிலிருந்து கூடுதல் மீனை அது உண்டாக்கித் தராது. பதினைந்து பேருக்குப் போன பங்கில் ஒன்பது பேரின் பங்கு இயந்திரத்துக்கும் டீசலுக்கும் கடன் தவணைக்கும் திரும்புகிறது. அது தம்பிக்கு இலாபமாக இருக்கலாம். ஊருக்கு வளர்ச்சியா என்பது, மிச்சமாகும் உழைப்புக்கு வேறு வேலை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆள் கிடைக்காமல் வலை சும்மா கிடக்கும் கரையில் வின்ச் தொழிலைக் காப்பாற்றக்கூடும். வேறு கதியில்லாத ஐம்பது வயதுக்காரர்கள் இன்னும் நிற்கும் கரையில் அதே வின்ச் அடுப்பை அணைக்கும். உங்கள் பதினைந்து பேர் எந்த வயதினர் என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. வின்ச் கொண்டு கரைவலை இழுப்பதை அதிகாரிகள் தடை செய்வதும், ஆள் இல்லை என்று கரைவலைக்காரர்கள் அதை எதிர்த்துப் போராடுவதும் எங்கள் நாட்டில் நடந்துவரும் விடயம். பாரமான வலை அடித்தளத்தைச் சுரண்டுகிறது, குஞ்சு மீனையும் வாரிக்கொண்டு வருகிறது, உழவு இயந்திரம் கரையைக் கெடுக்கிறது என்பவை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்கள். கரைவலைத் தொழில் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தோடு செய்ய வேண்டியது. நிபந்தனையை மீறினால் ஆபத்து தம்பிக்கு மட்டுமல்ல, அனுமதி அப்பாவின் பெயரில் இருப்பதால் தலைமுறையாக வந்த கரைவலைப் பாடே பறிபோகும் ஆபத்து. ஆகவே கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் தம்பி மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்குப் போய், உங்கள் பாட்டில் வின்ச் பாவிக்கலாமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கட்டும். "எல்லாரும் பாவிக்கிறார்கள்தானே" என்பது நீதிமன்றத்தில் செல்லாது. இன்னொன்று: தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில்தான் எங்கள் கரையில் வலை வளைக்கலாம். வாடை தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வின்ச் சும்மா நிற்கும், கடன் தவணை நிற்காது. தம்பியின் கணக்குக் கொப்பியில் அந்த மாதங்கள் இருக்கின்றனவா?

அம்பா என்னாகும்?

அப்பாவின் பயத்தைப் பழைமைவாதம் என்று தள்ளாதீர்கள். அவர் புதியதை எதிர்ப்பவர் அல்லர். பருத்தி வலைக்குப் பதிலாக நைலோன் வலையைத்தான் அவர் பிடித்திருக்கிறார். கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் அவர் காலத்தில்தான் எங்கள் கரைக்குப் பரவின. அவற்றால் வலை வளைக்கப் போகும்போது தண்டு வலிக்கும் (துடுப்புப் போடும்) பாட்டு மங்கியது. கயிறு இழுக்கும் பாட்டு மிஞ்சியது, ஏனென்றால் பத்துப் பதினைந்து பேர் ஒரே கணத்தில் மூச்சுப் பிடித்து இழுக்க இன்னும் ஒரு குரல் தேவைப்பட்டது. வின்ச்சுக்கு அந்தக் குரல் தேவையில்லை. ஆக, அப்பா சொல்வது உண்மை: கயிறு கையை விட்டுப் போனால், தொழில் பாட்டாக அம்பா அந்தக் கரையில் முடிந்துவிடும். பாய்மரக் கப்பல்களில் பாடிய தொழிற்பாட்டுகளும் நீராவி வந்ததும் அப்படித்தான் ஓய்ந்தன. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆனால் "தொழில்நுட்பம் விழுங்கத்தான் வந்திருக்கிறதா" என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. உங்கள் கைத்தொலைபேசி இல்லாவிட்டால் அப்பாவின் வரிகள் அவருடையவை என்று நிரூபிக்க இன்று எங்களிடம் எதுவும் இருந்திருக்காது. ஒரே கருவி திருடவும் உதவியது, சாட்சி சொல்லவும் உதவுகிறது. யார் கையில், என்ன உடன்படிக்கையோடு என்பதுதான் விடயம். அதனால்தான் பாட்டின் பணத்தில் தொழிலாளர்களுக்குப் பங்கு வேண்டும் என்றேன். வின்ச் வந்தால் வேலை இழக்கப்போகிறவர்களும் அந்தப் பதிவில் பதில் குரல் கொடுத்தவர்களும் ஒரே ஆட்கள். பாட்டைக் காப்பாற்றுவது பற்றிப் பேசிக்கொண்டே பாடியவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாது.

ஒலிபெருக்கி யோசனையை விட்டுவிடச் சொல்லுங்கள். அம்பாவில் எடுத்துக் கொடுப்பவர் முன்னால் நிற்பவனின் சோர்வைப் பார்த்து வரி போடுகிறார். பின்னால் சோம்பி நிற்பவனின் பெயரையே இழுத்துப் பாடுகிறார். மறுநாள் அதே வரி வராது. இயந்திரத்துக்கு முன் ஒலிக்கும் பதிவுக்கு யாரைப் பார்க்கத் தெரியும்? அப்பாவின் சம்மதமில்லாமல் அவர் குரலைப் போலியாக உருவாக்குவதை, நிறுவனம் செய்தாலும் சொந்த மகன் செய்தாலும், நான் ஏற்கமாட்டேன்.

நான் முன்வைக்கும் வழி இதுதான். வின்ச் அனுமதிக்கப்பட்டால், முதல் பருவத்தில் அதைப் பாதி வளைப்புகளுக்கு மட்டும் வையுங்கள், மற்றவை கையால். இழுப்பிலிருந்து விலகுபவர்களுக்கு வலை திருத்துதல், மீன் பிரித்தல், விற்பனை ஆகியவற்றில் பங்கு குறித்து ஓர் உடன்படிக்கை எழுதி, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் முன் கையெழுத்திடுங்கள். வின்ச் மிச்சப்படுத்தும் தொகையில் எத்தனை வீதம் யாருக்கு என்பதும் அதில் இருக்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால், தம்பியின் பணத்தைப் பனிக்கட்டிப் பெட்டிக்கும், நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கு நேரடியாக மீன் கொடுக்கும் ஏற்பாட்டுக்கும் திருப்பலாம். அங்கே தம்பியின் தொலைபேசியும் கட்டாரில் கற்ற ஆங்கிலமும் கைகொடுக்கும். கயிறு பிடித்தவர்களின் பங்கும் கூடும்.

அப்பா பக்கமா, தம்பி பக்கமா என்று கேட்டிருந்தீர்கள். பக்கம் எடுக்க வேண்டாம். அப்பாவிடம் ஒரு வேலை கொடுங்கள்: ஒரு மாலை உட்கார்ந்து, எந்த வரி பழையது, எந்த வரி தாம் கட்டியது, எந்த வருடம், எதற்காகக் கட்டினார் என்று சொல்லட்டும். தம்பி எழுதட்டும். நீங்கள் திகதி தெரியும்படி பதிவு செய்யுங்கள். வழக்கு வந்தாலும் வராவிட்டாலும் அதுவே முக்கியமான சான்று. பிறகு அந்த எழுத்து, மூலக் காணொளி இருக்கும் தொலைபேசி, விளம்பரத்தின் பிரதி, நிறுவனத்தின் பத்திரம், கரைவலை அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கட்டணம் செலுத்த வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்கு, மூன்று பேருமாகப் போங்கள். பழைய தொலைபேசியைத் தயவுசெய்து விற்கவோ அழிக்கவோ வேண்டாம். நிறுவனத்துக்கு இந்த வாரமே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: "பத்திரம் கிடைத்தது. சட்ட ஆலோசனை பெறுகிறோம். அதுவரை எந்தச் சம்மதமும் தரப்படவில்லை." தமிழிலேயே அனுப்பலாம்.